ஏரி விளக்குகளும் ஐந்து விண்மீன் திரள்களும்

எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் கோட்டைக்குப்பத்தையும் அதைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களையும் சேர்ந்தவர்கள். பழவேற்காடு ஏரியில் பாடு முறை இன்றும் இருக்கிறது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்பதை ஊரே முறை வைத்துப் பிரித்துக்கொள்கிற ஏற்பாடு அது. வீட்டுப் பாடு வரும் நாளில் பெரிய வகுப்புப் பையன்கள் சிலர் பள்ளிக்கு வரமாட்டார்கள். வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே யார் வீட்டுக்கு எப்போது பாடு என்று சொல்லிவிடலாம். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. நான் ஒரு பாடத்தில் செய்த தவறைத் திருத்திக்கொள்ள மூன்று நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

கடந்த ஜனவரியில் ஒன்பதாம் வகுப்புக்கு 'அண்டம்' பாடத்தைத் திருப்புதல் செய்துகொண்டிருந்தேன். விண்மீன் திரள்களின் வகைகளைச் சொல்லி, ஆளுக்கொரு படம் காட்டி, அடுத்த தலைப்புக்கு நகர்ந்துவிடுவதுதான் என் வழக்கம். சுருள், நீள்வட்டம், ஒழுங்கற்றது, பட்டைச் சுருள் என்று பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். இந்த முறை கொஞ்சம் ஆர்வமாகச் செய்யலாமே என்று ஹைடெக் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த முதல் படங்களில் ஒன்று, 2022 ஜூலை 12 அன்று வெளியானது, திரையில் இருந்தது. 'ஸ்டீபனின் ஐவர்' என்று அழைக்கப்படும் ஐந்து விண்மீன் திரள்கள். ஒரே சட்டத்துக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதுபோல் தெரியும். ஏறத்தாழ 1,000 தனித்தனிப் படக் கோப்புகளை இணைத்து உருவாக்கிய படம் அது.

"மேலே இருக்குதே, அதுதான் என்.ஜி.சி. 7319. நடுவுல நேரா ஒரு பட்டை, அந்தப் பட்டையோட ரெண்டு முனையிலிருந்தும் கை மாதிரி சுருள் கிளம்புது. இதுதான் பட்டைச் சுருள்" என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். "இந்த அஞ்சும் ஒரே குடும்பம். அண்ணன் தம்பி அஞ்சு பேர் மாதிரி ஒண்ணா இருக்காங்க" என்றும் சேர்த்தேன்.

பின்வரிசையில் எப்போதும் வாய் திறக்காத ஒரு பையன் கை தூக்கினான். "மிஸ், இடது பக்கம் இருக்கிறது மட்டும் மணல் தூவின மாதிரி இருக்குது."

"படத்தைப் பெருசாக்கினா அப்படித்தான்டா உடையும்" என்றேன்.

"மேல இருக்கிறது உடையலியே மிஸ். அதையும் அதே அளவுதானே பெருசாக்கினீங்க?"

மணி அடித்துவிட்டது. "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று முடித்துக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை மறைக்க ஒரு பதிலைச் சொல்லிவிட்டேன். ஒரு பதினான்கு வயதுப் பையன் அதே படத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றை எடுத்துக் காட்டி என் பதிலை உடைத்தான். செய்முறைத் தேர்வில் கட்டுப்பாட்டுச் சோதனை என்று நாம் சொல்லித் தருவது வேறென்ன?

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். பையன் சொன்னதுதான் சரி.

இந்த ஐவரை 1877இல் கண்டவர் எதுவார் ஸ்டீபன் என்ற பிரெஞ்சு வானியலாளர். மார்சேய் வான்காணகத்தில் இருந்த 80 செ.மீ. தொலைநோக்கியில் பார்த்தார். (நம் மாநிலத்தில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வைணு பாப்பு வான்காணகத்தின் பெரிய தொலைநோக்கி 2.3 மீட்டர். குறுக்களவில் ஏறக்குறைய மூன்று மடங்கு.) அவருக்கு அவை மங்கலான ஐந்து திட்டுகள். விண்மீன் திரள் என்ற கருத்தே அப்போது உறுதிப்படவில்லை. அவை ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று கேட்க வழியும் இல்லை. 84 ஆண்டுகள் கழித்து, 1961இல், மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ் தம்பதி அவற்றின் ஒளியைப் பிரித்து அளந்தபோதுதான் ஒன்று மட்டும் கூட்டத்தோடு சேரவில்லை என்று தெரிந்தது. அது என்.ஜி.சி. 7320. படத்தில் இடது ஓரத்தில் இருப்பது. மற்ற நான்கும் நம்மிடமிருந்து சுமார் 29 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கின்றன. இது மட்டும் சுமார் 4 கோடி ஒளியாண்டு. ஒரு ஒளியாண்டு என்பது 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர் என்பதைப் பிள்ளைகள் அறிவார்கள். ஆகவே 4 கோடிக்கும் 29 கோடிக்கும் இடையிலான இடைவெளி எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். நான் 'ஒரே குடும்பம்' என்று சேர்த்து வைத்தது அப்படிப்பட்ட ஒன்றை!

அருகில் இருப்பதால் அதன் விண்மீன்கள் தனித்தனிப் புள்ளிகளாக ஜேம்ஸ் வெப் படத்தில் பிரிந்து தெரிகின்றன. தொலைவில் உள்ளவற்றில் அவை ஒன்றோடொன்று கலந்து வழுவழுவென்று தெரிகின்றன. பையன் கண்ட மணல் அதுதான். கையில் பிடித்த வலையில் கண்கள் தெரியும். அக்கரையில் காயப்போட்ட வலை வெறும் துணிபோலத்தான் தெரியும்.

மறுநாள் வகுப்பில் அவனிடம் சொல்லலாம் என்று போனால் அவன் வரவில்லை. வீட்டுப் பாடு. அடுத்த நாளும் வரவில்லை. மற்ற பிள்ளைகளிடம் சொல்லிவிடலாம்தான். ஆனால் அவனைத் தட்டிக்கழித்தது எல்லோர் முன்னாலும். அவன் இல்லாதபோது திருத்துவது நியாயமாகப் படவில்லை. காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் வந்தான். "அன்னைக்கு நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. அந்த இடது பக்கத்துத் திரள் கூட்டத்துல சேர்ந்ததே இல்லை. ஏழு மடங்கு கிட்ட இருக்கு" என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. பிள்ளைகளுக்கு ஆசிரியர் தவறியதைவிட அதை ஒப்புக்கொண்டதுதான் வேடிக்கையாக இருந்தது. அவன் சிரிக்கவில்லை. "ராத்திரி ஏரியில விளக்கு தெரியுமே மிஸ், அது மாதிரியா?" என்று கேட்டான்.

எது மாதிரி என்று கேட்டேன். அவன் சொன்னதை என் வார்த்தைகளில் தருகிறேன். இரவில் ஏரியில் ஆங்காங்கே படகுகளில் விளக்குகள் இருக்கும். கரையிலிருந்து பார்த்தால் நான்கைந்து விளக்குகள் ஒட்டி ஒட்டி நிற்கும். அவற்றில் எது பக்கம், எது தூரம் என்று நின்ற இடத்திலிருந்து சொல்ல முடியாது. வெளிச்சத்தை நம்பக் கூடாது. பக்கத்தில் சின்ன விளக்கு இருக்கலாம், தூரத்தில் பெரிய விளக்கு இருக்கலாம். ஆனால் நம் படகு கொஞ்சம் நகர்ந்தால் தெரிந்துவிடும். கிட்டே இருக்கும் விளக்கு ஓடும். தூரத்து விளக்குகள் நிற்கும்.

ஆறாம் வகுப்பில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் வரும் 'இடமாறு தோற்றப் பிழை' என்று நாம் நடத்துகிறோமே, அதே விஷயம். பாடத்தில் அது பிழை. ஏரியில் அது தூரம் காணும் வழி. 21 ஆண்டுகளாக அளவுகோலை வைத்து மட்டும் அதை நடத்திவந்திருக்கிறேன்.

அன்று மாலை பெற்றோரிடம் சொல்லிவிட்டு ஆறு மணிக்கு மேல் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தினேன். ஐந்து பேர் கையில் டார்ச். ஒருவனை வராந்தாவிலிருந்து 10 அடி எண்ணி நிறுத்தினோம். மற்ற நால்வரை 72 அடியில். இது நடை அடி, பிள்ளைகளே எண்ணியது. ஒரு கோடி ஒளியாண்டுக்கு இரண்டரை அடி என்று கணக்கு. வராந்தாவில் நிற்பவர்கள் ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். பக்கத்து டார்ச்சின் மேல் காகிதம் ஒட்டி வெளிச்சத்தைக் குறைத்தோம். ஐந்து விளக்குகளும் ஒரே கொத்தாகத் தெரிந்தன. பிறகு பார்ப்பவர்கள் பக்கவாட்டில் நான்கு அடி நகர்ந்தார்கள். ஒரு விளக்கு கொத்தை விட்டு வெளியே ஓடியது. கைதட்டினார்கள். செலவு எதுவும் இல்லை. பிற பள்ளிகளில் செய்ய விரும்புபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: முழு இருட்டு வரும்வரை பொறுங்கள். டார்ச் பிடித்தவரின் உருவம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும், பயிற்சியே கெட்டுவிடும்.

ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ வானத்துலயும் இப்படியே நகர்ந்து பார்த்துக் கண்டுபிடிச்சாங்களா மிஸ்?"

நல்ல கேள்வி. நமக்கு நகரக் கிடைக்கும் படகு பூமி. ஆறு மாதத்தில் சூரியனின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிறது, சுமார் 30 கோடி கிலோமீட்டர். அருகிலுள்ள விண்மீன்களின் தூரத்தை இப்படித்தான் அளக்கிறார்கள். ஆனால் எங்கள் மைதானக் கணக்கில் இந்த 30 கோடி கிலோமீட்டர் எவ்வளவு வரும் என்று கரும்பலகையில் போட்டுப் பார்த்தோம். ஓர் அணுவின் குறுக்களவைவிடச் சிறியது! அவ்வளவு நகர்ந்தால் 10 அடியில் உள்ள டார்ச் ஓடுமா? ஓடாது. விண்மீன் திரள்களுக்கு வேறு வழி வேண்டும்.

அந்த வழிதான் செம்பெயர்ச்சி. பத்தாம் வகுப்பில் ஒலியியலில் டாப்ளர் விளைவு வருகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு அதைச் சொல்லலாமா என்று தயங்க வேண்டாம். நம்மை நோக்கி வரும் பேருந்தின் ஹாரன் கூர்மையாகவும் கடந்துபோனதும் கனத்தும் கேட்பதைப் பிள்ளைகள் அறிவார்கள். விலகிப்போகும் பொருளின் ஒளி அலை நீண்டு சிவப்புப் பக்கம் நகர்கிறது. விண்மீன் திரள்களின் விஷயத்தில் அண்டமே விரிவதால் இது நடக்கிறது. தொலைவு கூடக் கூட நகர்வும் கூடும். ஹைட்ரஜன் வாயு வெளியிடும் சிவப்பு ஒளியின் அலைநீளம் ஆய்வகத்தில் 656.3 நானோமீட்டர். என்.ஜி.சி. 7320இல் அது சுமார் 658இல் விழுகிறது. என்.ஜி.சி. 7319இல் சுமார் 671இல். முதலாவது விநாடிக்குச் சுமார் 800 கி.மீ. வேகத்தில் விலகுகிறது. மற்றது சுமார் 6,700 கி.மீ.

இதைப் பிள்ளைகளையே தூரமாக மாற்றச் சொன்னேன். ஒவ்வொரு 33 லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கும் விலகும் வேகம் சுமார் 70 கி.மீ. கூடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 800ஐ 70ஆல் வகுத்து 33 லட்சத்தால் பெருக்கினால் 3.8 கோடி. நால்வருக்கும் பொதுவாக 6,600 என்று வைத்தால் 31 கோடி. "புத்தகத்துல 29 கோடின்னு சொன்னீங்களே?" என்று ஒருத்தி பிடித்தாள். 70 என்ற எண்ணுக்குப் பதில் 74 எடுத்தால் 29 கோடிக்கு வரும். அந்த எண்ணை எவ்வளவு என்று கொள்வது என்பதில் வானியலாளர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது என்று சொன்னேன். பிள்ளைகளுக்கு இது பிடித்திருந்தது. பெரியவர்கள் சண்டை போடும் இடத்தில் தாங்களும் ஒரு கணக்குப் போட்டுவிட்டோம் என்ற பெருமை.

இங்கேயே பாடம் முடிந்திருந்தால் செம்பெயர்ச்சியை மந்திரமாக நினைத்திருப்பார்கள். பட்டியலைக் கவனமாகப் பார்த்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருந்தது. நால்வரில் என்.ஜி.சி. 7317, 7318 ஏ, 7319 மூன்றும் 6,600 முதல் 6,750 கி.மீ. வரை. 7318 பி மட்டும் சுமார் 5,770. கணக்குப் போட்டால் அது நான்கு கோடி ஒளியாண்டு முன்னால் வந்துவிடும். "அப்ப இதுவும் குடும்பத்துல இல்லை மிஸ், இதையும் வெளியே எடுங்க" என்றார்கள். ஒருத்தனைக் கொத்திலிருந்து பிரித்துவிட்ட உற்சாகம்.

இல்லை. 7318 பி அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. கூட்டத்துக்குள் பாய்ந்துகொண்டிருக்கிறது. அண்டம் விரிவதால் மற்றவற்றோடு சேர்ந்து அதுவும் விலகுகிறது. அதோடு விநாடிக்கு 900 கி.மீ. அளவில் நம் பக்கமாகக் கூட்டத்தை ஊடுருவி வருகிறது. அந்த இரண்டு வேகமும் கலந்த எண்தான் 5,770. அது எப்படித் தெரியும்? மோதிய தடம் இருக்கிறது. 7318 பிக்கும் 7319க்கும் இடையில் சூடான வாயுவின் நீண்ட வரப்பு ஒன்று நிற்கிறது. ரேடியோ அலையிலும் எக்ஸ் கதிரிலும் ஒளிர்கிறது. 2006இல் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி அங்கே மூலக்கூறு ஹைட்ரஜனின் வலுவான ஒளியைக் கண்டது. நமது பால்வழியைவிடப் பெரிய அதிர்வலை அது. 2024இல் கேனரித் தீவிலுள்ள வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் பொருத்திய புதிய கருவியால் அளந்தபோதும் மோதல் மணிக்கு 32 லட்சம் கி.மீ. வேகத்தில் நடப்பதாக உறுதிப்பட்டது.

ஆக, 7320 கூட்டத்தோடு எதையும் உரசவில்லை. தனியாக, குலையாமல் இருக்கிறது. 7318 பியின் எண்ணும் மாறுபட்டதுதான். ஆனால் அது போன வழியெல்லாம் கலைந்து கிடக்கிறது. இரண்டு வலைகள் சிக்கிக்கொண்டு கிடந்தால் அந்த இரண்டு படகுகளும் ஒரே இடத்தில் இருந்தன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இந்த உதாரணத்தைச் சொன்னதும் மேலே விளக்கம் தேவைப்படவில்லை. மாறாக, சிக்கிய வலை யாருடையது, யார் அறுத்தது என்று அவர்களுக்குள் ஒரு பழைய வழக்கு கிளம்பிவிட்டது. பத்து நிமிடம் போனது. பரவாயில்லை.

இப்படி நெருங்கி நிற்கும் கூட்டங்களைக் கனடாவின் பால் ஹிக்சன் 1982இல் பட்டியலிட்டார். வானப் படத் தகடுகளில் தேடி 100 கூட்டங்கள். ஸ்டீபனின் ஐவர் அதில் 92ஆம் எண். அவரும் முதலில் படத்தில் ஒட்டித் தெரிவதை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தார், வேறு வழியில்லை. பத்தாண்டு கழித்து எல்லாவற்றின் செம்பெயர்ச்சியையும் அளந்தபோது 92 கூட்டங்களில் குறைந்தது மூன்று திரள்களாவது உண்மையிலேயே ஒன்றாக இருப்பது தெரிந்தது. நான்கு அல்லது அதற்கு மேல் ஒன்றாக இருப்பவை 69. கண்ணுக்குத் தெரிவது எத்தனை தரம் சரி, எத்தனை தரம் தவறு என்று காட்ட இதைவிட நல்ல எண்களை நான் பார்த்ததில்லை.

சரி, நாம் தொடங்கிய பட்டைச் சுருளுக்கு வருகிறேன். பாடத்தில் 'நடுவில் பட்டை இருக்கும்' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பட்டை என்ன செய்கிறது? அது திடமான கட்டை அல்ல. நீண்ட பாதையில் ஒரே சாய்வில் சுற்றும் விண்மீன்கள் சேர்ந்து அப்படித் தெரிகின்றன. அந்த முழு வடிவமும் மெதுவாகச் சுழல்கிறது. சுற்றிவரும் வாயு பட்டையின் ஓரத்தில் மோதிச் சுழற்சியை இழந்து உள்நோக்கி வழிகிறது. அகன்ற வாயிலிருந்து மடிக்கு இறாலைக் கொண்டுபோகிற வலைபோல என்று சொன்னேன். ஒப்புமை பாதி தூரம்தான் வரும். வலை அசையாமல் நிற்கும், பட்டையோ சுழலும். பிள்ளைகளிடம் அதையும் சொல்லிவிட்டேன். அருகிலுள்ள சுருள் திரள்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குப் பட்டை உண்டு. நம் பால்வழிக்கும் உண்டு.

என்.ஜி.சி. 7319இன் நடுவில் ஒரு கருந்துளை இருக்கிறது. அதன் நிறை சூரியனைப்போல் 2.4 கோடி மடங்கு. வாயு அதில் விழும்போது சூடேறி 4,000 கோடி சூரியன்களின் ஒளியை வீசுகிறது. பட்டையும் அண்டைத் திரள்களின் இழுப்பும் வாயுவை நடுவுக்குத் தள்ள வல்லவை. அதே இழுப்பு வெளிப்புற வாயுவைப் பறிக்கவும் செய்கிறது. 7319 தன் ஹைட்ரஜன் வாயுவில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. அதன் பின்னால் வால்போல நீளும் விண்மீன் பட்டைகளைப் படத்தில் பார்க்கலாம். அவற்றை இழுத்ததாகக் கருதப்படுவது இன்னொரு திரள், என்.ஜி.சி. 7320 சி. முன்பு கூட்டத்தின் ஊடாகப் போய் இப்போது தள்ளி நிற்கிறது. ஜேம்ஸ் வெப் படத்தில் அது விழவே இல்லை. படத்தில் இருக்கும் ஒன்று கூட்டத்தில் இல்லை. கூட்டத்தில் கைவைத்த ஒன்று படத்தில் இல்லை. பறிபோன வாயு எங்கே? 2022இல் சீனாவின் ஃபாஸ்ட் ரேடியோ தொலைநோக்கி இந்தக் கூட்டத்தைச் சுற்றி 20 லட்சம் ஒளியாண்டு அகலத்துக்கு மெல்லிய ஹைட்ரஜன் பரவிக் கிடப்பதைக் கண்டது. எந்தக் கண்ணுக்கும் தெரியாத வாயு.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மேற்கு வானத்தைக் காட்டினேன். தை மாதத்தில் பெகாசஸின் பெரிய சதுரம் அங்கே பாதி உயரத்தில் நிற்கும். நான்கு விண்மீன்கள். பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்ததே அந்தச் சதுரம் என்றதும், உத்திரட்டாதியில் பிறந்த ஒரு பெண் துள்ளிவிட்டாள். சதுரத்தின் வடமேற்கு மூலையிலிருந்து இன்னும் சற்று வடமேற்கே போனால் ஐவர் இருக்கும் இடம். வெறுங்கண்ணுக்கோ சாதாரண இருகண் நோக்கிக்கோ எதுவும் தெரியாது. தெரியாது என்று முன்பே சொல்லிவிட்டுத்தான் காட்டினேன். இடம் தெரிந்தால் போதும் என்றார்கள்.

ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். எங்கள் பிள்ளைகளுக்கு ராக்கெட் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்த ஒருநாள் வருமான இழப்புதான். அங்கிருந்துதான் 2015 செப்டம்பர் 28 அன்று அஸ்ட்ரோசாட் போனது. விண்மீன் திரள்களைப் புற ஊதாக் கதிரிலும் எக்ஸ் கதிரிலும் பார்க்கும் நம் நாட்டின் முதல் வானியல் செயற்கைக்கோள். "அப்ப எங்களுக்கு நாலு வயசு மிஸ்" என்று விரல்விட்டு எண்ணினார்கள். வீட்டில் அன்று என்ன சொன்னார்கள், கடலுக்குப் போனார்களா என்று கேட்டு வரச் சொன்னேன். ஆறு பேர் எழுதி வந்தார்கள். அதைத் தனியாக எழுதத் தோன்றுகிறது.

கிளம்பும்போது அந்தப் பையன் என் பக்கத்தில் வந்து நின்றான். "மிஸ், நம்ம பால்வழியும் பட்டைச் சுருள்தானே? நம்ம மேலயும் ஏதாவது வந்து மோதுமா?"

ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி வருகிறது என்றேன். 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. சுமார் 400 முதல் 500 கோடி ஆண்டுகளில் கட்டாயம் மோதும் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். நானும் அப்படித்தான் நடத்தியிருக்கிறேன். 2025இல் வந்த ஓர் ஆய்வு, அண்டைத் திரள்களின் இழுப்பையும் அளவீட்டுப் பிழைகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் மோதுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்கிறது.

"அப்ப தெரியாதுன்னுதான் எழுதணுமா மிஸ்?"

"பாதிக்குப் பாதின்னு எழுது. ஆய்வு 2025னு பக்கத்துல போட்டுக்கோ" என்றேன். நோட்டைத் தொடைமேல் வைத்து, டார்ச் வெளிச்சத்தில் எழுதிக்கொண்டான். மறுநாள் அவன் வீட்டுப் பாடு.